மறந்தாலும் அடிப்பிடிக்காத சட்டி

ஜூன் 9, திங்கள்

இன்று எங்கள் வீட்டில் ஓர் ஆட்சி கவிழ்ந்தது. அக்காவின் அடுக்களையில் தன்னந்தனியாகக் கோலோச்சிய கேஸ் அடுப்பை, பெங்களூரிலிருந்து படையெடுத்து வந்த அவள் மகன் கைலாசம் கழற்றிக் கீழ்வீட்டு ஜெபராணி டீச்சரிடம் ஒப்படைத்துவிட்டான். சிலிண்டரும் கூடவே சிறைப்பட்டது.

காரணம் கடுகளவு. சனிக்கிழமை காலை அடுப்புக் குமிழ் திறந்திருக்கிறது, தீ இல்லை. மாடிப்படியில் வாடையை மோப்பம் பிடித்த டீச்சர் ஓடிவந்து ஜன்னல்களை எல்லாம் திறந்துவிட்டு, முதல் வேலையாகக் கைலாசத்துக்குப் போன் போட்டிருக்கிறார். அந்த மூக்கை மட்டும் தூத்துக்குடித் துறைமுகத்தில் உட்கார வைத்தால் நாட்டில் கடத்தல் என்ற தொழிலே இருக்காது.

"காத்து அணைச்சிருக்கும் மாப்ளே," என்றேன்.

"போன மாசம் பால் சட்டி கரிஞ்சுது. அதுக்கு முன்னால ரசம். எல்லாம் காத்துதானா மாமா? யாரு குமிழைத் திறந்து விட்டது?"

நான்தான் என்றேன். வீட்டில் இருப்பது இரண்டே பேர். அதில் ஒருவர் அந்த நேரத்தில் பஸ் ஸ்டாண்டு அருகே டீ குடித்துக்கொண்டிருந்தார் என்பது இந்த நாட்குறிப்புக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

கைலாசம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். பிறகு தன் தீர்ப்பை வாசித்தான். வீட்டில் இனி நெருப்பு கூடாது. பெங்களூரில் அவன் வீட்டருகே வயதானவர்களுக்கென்று ஓர் இடம் இருக்கிறதாம். நர்ஸ் உண்டு, பூட்டிய கேட் உண்டு. ஆனி முடிவதற்குள் திரும்பி வருவான். நாங்கள் இருவரும் ஒழுங்காக ஆக்கித் தின்றுகொண்டிருந்தால் இங்கேயே இருக்கலாம். இல்லையென்றால் ஆடி பிறக்குமுன் அம்மாவைக் கூட்டிப் போய்விடுவான். ஆடியில் எங்களவர்கள் யாரும் வீடு மாற மாட்டார்கள், அதனால் இந்தக் கெடு.

"மெஸ்ஸுல சொல்லிரவா?" என்று கேட்டான்.

"சோடா உப்புச் சோத்தை நான் தின்னமாட்டேன்," என்றாள் ஆவுடையக்கா.

"அப்போ ஸ்லோ குக்கர் வாங்குங்க. கரண்டுல ஓடும். காலைல எல்லாத்தையும் போட்டுட்டு மறந்துரலாம். அடியும் பிடிக்காது."

போட்டுவிட்டு மறந்துவிடலாம். இதைவிடப் பொருத்தமான கருவியை விசுவகர்மாவாலும் எங்கள் வீட்டுக்குச் செய்து தந்திருக்க முடியாது.

ஜூன் 11, புதன்

மகாராஜா குற்றாலிங்கம், முன்னாள் மைக்செட் உரிமையாளர், நாலு ஜில்லாக் கோயில் கொடைகளில் குரலால் கோபுரம் எழுப்பியவர், இன்று தெற்கு பஜாரில் சட்டி வாங்க எழுந்தருளினார். அதாவது நான்.

கடைப் பையனுக்கு நான் கேட்டது விளங்கவில்லை. "ரைஸ் குக்கரா சார்? இன்டக்‌ஷனா?"

"மெதுவா வேகுறது தம்பி."

"மெதுவாவா? எல்லாரும் சீக்கிரம் வேகணும்னுதான சார் கேப்பாங்க."

பரண்மேல் ஏறித் தூசி தட்டி இரண்டு பெட்டிகளை இறக்கினான். ஒன்று ஒன்றரை லிட்டர். பார்த்தால் திருநீறு வைக்கும் மடல் மாதிரி இருந்தது. மற்றது ஆறு லிட்டர். முட்டை வடிவம், உள்ளே கனத்த பீங்கான் சட்டி, கண்ணாடி மூடி, முன்னால் ஒரே ஒரு குமிழ். லோ, ஹை, வார்ம் என்று மூன்றே கட்டளைக்கு அடங்கும் சேவகன்.

"வீட்டுல எத்தனை பேரு சார்?"

"ரெண்டு."

"அப்போ சின்னதே தாராளம்."

தர்மவானாகிய அந்தப் பையன் சொன்னதை நான் கேட்டிருக்கலாம். ஆனால் வாழ்நாளில் ஒரு முறையாவது பெரிய பெட்டியை ஆட்டோவில் ஏற்றி வந்து தெருவே பார்க்க இறங்க வேண்டாமா? ஆறு லிட்டரே வந்து சேர்ந்தது. இரண்டு பேர் சேர்ந்துதான் தூக்கினோம். சட்டி மட்டும் ஒரு கன்றுக்குட்டி கனம்.

அக்கா சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். "இதுல என்னலே, நம்ம ரெண்டு பேரையும் உக்கார வச்சுக் குளிப்பாட்டப் போறியா?"

ஜூன் 12, வியாழன்

முதல் சமையல். அரிசி, பாசிப்பருப்பு, மிளகு, இஞ்சி, தண்ணீர். லோவில் வைத்தேன். ஒரு சத்தமும் இல்லை. சட்டி தியானத்தில் அமர்ந்தது.

சத்தம் இல்லாததுதான் வினை. அக்கா ஆயுள் முழுக்கக் காதால் சமைத்தவள். பருப்புக்கு நாலு விசில், கிழங்குக்கு மூன்று. எந்த அறையில் இருந்தாலும் எண்ணிக்கை தப்பாது. இன்றைக்கு விசிலே வராத அடுக்களையைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"விசில் வரலையேலே?"

"இது விசில் அடிக்காதுக்கா."

"ஓகோ." தினத்தந்தியில் நான் ஒரு பத்தி படித்திருப்பேன். "விசில் வரலையே? கேஸ்கட்டு போயிட்டோ?"

பதினோராவது விசாரணைக்குப் பிறகு நான் அடுக்களைக்குள் போய், கதவை ஒருக்களித்துவிட்டு, உதட்டைக் குவித்து நாலு விசில் அடித்தேன். மைக்செட்டுக்காரன் அடித்த விசில், அசல் தோற்றது. அக்கா நிம்மதியாகத் தூங்கப் போனாள்.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் வீடு திரும்பும் நேரத்தில் மதியச் சாப்பாடு உண்டோம். சட்டியின் நடுவில் பொங்கல், சுவரோரம் அப்பளம். ஆறு லிட்டர் சட்டியில் ஆழாக்குப் போட்டால் சுவரெல்லாம் காய்ந்து ஒட்டும் என்று பெட்டிக்குள் கிடந்த குறிப்பில் போட்டிருக்கிறது. சட்டி பாதிக்கு மேல் நிறைய வேண்டுமாம். இதைப் பிறகுதான் வாசித்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

பாதிக்கு மேல் நிறைத்தேன். விளைவு, மூன்று லிட்டர் கூட்டு. நாங்கள் தின்றோம், ஜெபராணி டீச்சர் தின்றார், இஸ்திரிக்காரர் தின்றார், எதிர்வீட்டு நாய் மோந்து பார்த்துவிட்டு யோசித்துச் சொல்வதாகப் போயிற்று.

இன்னொரு தொல்லை, மூடி. திறந்தால் உள்ளிருக்கும் சூடெல்லாம் ஓடிவிடும். மறுபடி ஏற அரை மணியாகும். அக்காவோ போகும்போதும் வரும்போதும் திறக்கிறாள். "இப்பத்தான திறந்த?" என்றால், "நானா? நான் இந்தப் பக்கமே வரலியே," என்கிறாள். கரண்டி கையில் இருக்கிறது, ஆவி முகத்தில் இருக்கிறது, வரவில்லை என்கிறாள். இந்தக் குறும்பு எங்கள் குடும்பத்து ரத்தம்.

மைக் வயரை எடுத்து மூடியைக் கைப்பிடியோடு சேர்த்துக் கட்டினேன்.

"ஏன்லே பாடையைக் கட்டுத மாதிரி கட்டி வச்சிருக்க?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "இது என்னது, புதுசா இருக்கு?"

தினமும் காலையில் இதே கேள்வி. புதுப்பெண்ணுக்குக்கூட இத்தனை நாள் வரவேற்பு கிடைத்ததில்லை.

ஜூன் 18, புதன்

கீரை. அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை.

ஜூன் 21, சனி

மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு. காலை ஒன்பதுக்குப் போன கரண்டு மாலையில் வந்தது. சட்டிக்குள் மோர்ப் புளிச்சேரி பாதி வெந்து, அப்படியே இளஞ்சூட்டில் கிடந்து, தானாகவே இன்னொரு பதார்த்தமாக மாறியிருந்தது. மூடியைத் திறந்ததும் கீழிருந்து டீச்சரின் குரல்: "அண்ணாச்சி, ஏதும் செத்துக் கித்துக் கெடக்கா?"

இட்லி வாங்கி வந்தேன். அக்கா பொட்டலத்தைப் பிரித்து, "அடுப்பு எங்கலே?" என்றாள். சொன்னேன். "யாரைக் கேட்டுக் கொடுத்தான் அவன்?" என்று அழுதாள். கேட்காமல்தான் கொடுத்தான். அவள் அன்றைக்கு அழவில்லை, இன்றைக்குத்தான் அழுதாள். பெரிய உள்ளங்களில் துக்கம் தாமதமாகத்தான் இறங்கும்.

ஜூன் 24, செவ்வாய்

வெற்றி! முரசுகள் முழங்கட்டும். சாம்பார் வைத்தோம்.

உண்மையில் வைத்தது அக்கா. நான் வெறும் கைகால். பெட்டிக் குறிப்பில் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போடச் சொல்லியிருக்கிறது. நான் பருப்போடு புளிக்கரைசலையும் ஊற்றப் போனேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். பிடியில் அந்தக் காலத்து வலு.

"ஏலே கோட்டி! புளியை முன்னாடியே ஊத்தினா பருப்பு வேகுமா? நீ அதை மாசக்கணக்காக் காய்ச்சினாலும் கல்லு மாதிரி நிக்கும். பருப்பு வெந்து மசியணும், காய் வேகணும், பொறவுதான் புளி. இதை எழுதுனவன் வீட்டுல சாம்பாரே வச்சிருக்க மாட்டான்."

பருப்பு வெண்ணெயாகக் குழைந்தது. முருங்கைக்காய் விரலால் அமுக்கினால் வழிவிட்டது. அந்த மணத்துக்கு வண்ணார்பேட்டை வரை போக்குவரத்து நின்றிருக்கும். அக்கா இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள். சாப்பிட்டுக்கொண்டே கைலாசம் பிறந்த கதை, அத்தானுக்கு முதன்முதலில் சொதி வைத்த கதை எல்லாம் ஒரு பிசகில்லாமல் சொன்னாள்.

மறதியாம். அப்படி நினைக்கிறவர்கள் எல்லாம் வந்து இந்தச் சாம்பாரைத் தின்று பார்க்கட்டும்.

ஜூன் 29, ஞாயிறு

கைலாசம் போனில் முகம் காட்டினான். அந்த நேரம் பார்த்து அக்கா ஒரு வாய் உண்டுவிட்டு, "தூ, உப்பு!" என்றாள். அவள் ஒரு தடவை போட்டு, நான் குளிக்கப் போன நேரத்தில் இன்னொரு தடவை போட்டு, வயரை மறுபடி கட்டியும் வைத்திருந்தாள்.

"யாரு மாமா உப்பை அள்ளிப் போட்டது?"

"நான்தான் மாப்ளே. வயசாயிட்டுல்லா."

"மாமா, போன தடவை குமிழும் நீங்கதான்னு சொன்னீங்க."

"ஆமா, அதுவும் நான்தான்." ஒரு குற்றத்தோடு நிறுத்துவானேன் என்று, "பால் சட்டியும் நான்தான், ரசமும் நான்தான்," என்று சேர்த்துக்கொண்டேன். கேட்டிருந்தால் கொற்கைத் துறைமுகத்தை விட்டுக் கடல் விலகிப் போனதற்கும் பொறுப்பேற்றிருப்பேன். அவன் தலையை ஆட்டினான். அப்பாடா, நம்பிவிட்டான்.

ஜூலை 3, வியாழன்

ஜெபராணி டீச்சர் மாடிப்படியில் மறித்தார்.

"அண்ணாச்சி, அக்கா நேத்து வீட்டுக்கு வந்து எங்க அம்மாவைக் கேட்டாங்க. 'அம்மா எங்க, தூங்குதாங்களா?'ன்னு."

"மரியாதைக்கு விசாரிச்சிருப்பா டீச்சர்."

"அம்மாவை அடக்கம் பண்ணும்போது அக்காதான என்னைப் பிடிச்சிட்டு நின்னாங்க." அவர் குரல் இறங்கிவிட்டது. "கைலாசத்துக்கிட்ட சொல்லணும் அண்ணாச்சி. சொல்லாம இருக்கது நியாயமில்ல."

"ஆடி பிறக்கட்டும் டீச்சர். ஆடி பிறந்துட்டா ஒரு மாசத்துக்கு யாரும் யாரையும் எங்கயும் கூட்டிட்டுப் போக முடியாது. பொறவு நானே சொல்லுதேன்."

"ஒரு மாசத்துல என்ன அண்ணாச்சி மாறும்?"

இந்தக் கேள்வி பாடத்திட்டத்தில் இல்லை என்று சொல்லிவிட்டு மேலே வந்துவிட்டேன்.

ஜூலை 8, செவ்வாய்

கைலாசம் ஞாயிற்றுக்கிழமை வருகிறான். அன்றைக்குச் சாம்பார்தான். அக்காவின் வெற்றிக்கொடி. ஒத்திகை பார்த்தேன். பருப்பு, காய், கடைசியில் புளி. பருப்பு, காய், கடைசியில் புளி. கொடை மேடையில் நன்கொடையாளர் பட்டியல்கூட நான் இத்தனை தடவை மனனம் செய்ததில்லை.

ஜூலை 12, சனி

துவரம்பருப்பை ஊற வைத்தாயிற்று. புளியை ஒளித்து வைத்தேன். ஏன் ஒளித்தேன் என்று இங்கே எழுதவில்லை. எலிக்காக என்று வைத்துக்கொள்ளலாம்.

ஜூலை 13, ஞாயிறு

காலை பஸ்ஸில் கைலாசம் வந்தான். குளித்துவிட்டு அசந்து தூங்கினான். நான் விடியலிலேயே பருப்பைச் சட்டியில் ஏற்றி, ஹையில் வைத்து, வயரை இரட்டை முடிச்சாகப் போட்டுவிட்டு, வாழை இலையும் அப்பளமும் வாங்கக் கடைக்குப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். எவர்சில்வர் தட்டில் சாப்பிட்டால் யார் கேட்கப் போகிறார்கள்?

திரும்பி வந்தபோது வயர் அழகாகச் சுருட்டி மேடைமேல் வைக்கப்பட்டிருந்தது. மூடிக்குள் தண்ணீர் செம்மண் நிறத்தில் கொதித்தது.

"நீ மறந்துட்டலே," என்றாள் அக்கா பூரிப்பாக. "புளியை எங்கயோ கொண்டு போட்டிருக்க. தேடி எடுத்து நான் கரைச்சு ஊத்திட்டேன்."

ஒரு பருப்பை எடுத்து நசுக்கினேன். அது என்னை நசுக்கியது.

புதுசாகப் பருப்பு வேக வைக்கலாம் என்றால் ஊற வைத்தது வேறு இல்லை. டீச்சர் வீட்டில் எங்கள் அடுப்பே இருக்கிறது, ஓடினேன். பூட்டு. ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சுக்குப் போயிருந்தார். படியில் உட்கார்ந்து, உலகத்திலுள்ள அத்தனை சாமிகளையும் ஒரே வரியில் நிறுத்தி வேண்டினேன். மேலே வந்து குமிழைத் திருகினேன். ஹைக்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. அக்கா சொன்னது போலவே நின்றது பருப்பு. அந்த விஷயத்தில் அவள் வாக்குக்கு மறுவாக்கு கிடையாது.

இலை போட்டோம். பருப்பு இலையில் மணி மணியாக உருண்டு நரம்போரம் வரிசையில் நின்றது. கைலாசம் ஒன்றை எடுத்துக் கடித்தான். அவளுடைய மகன்; அவனுக்குத் தெரியாதா?

"புளியை முதல்லயே ஊத்துனது யாரு?"

"நான்தான் மாப்ளே."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "இவன்தாம்பா. படிச்சுப் படிச்சுச் சொல்லுதேன், பருப்பு வெந்த பொறவு ஊத்துலேன்னு. கேட்டாத்தான?"

நடிப்பில்லை. மெய்யான எரிச்சல்.

கைலாசம் எழுந்து கை கழுவிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். என் தோளில் கை வைத்தான். இவனை நான் தோளில் தூக்கிக்கொண்டு தேர் பார்த்திருக்கிறேன்.

"மாமா, நான் இவ்வளவு நாளும் அம்மாவைத் தப்பா நெனச்சிட்டேன். அடுப்பு நீங்க. பால் நீங்க. உப்பு நீங்க. இப்ப இது. உங்களுக்குத்தான் மாமா மறதி வந்திருக்கு. சொல்லவும் பயந்துகிட்டு இருந்திருக்கீங்க." அவன் கண் கலங்கியிருந்தது. "நாளைக்கே ஒரு டாக்டரைப் பாத்திருவோம். அவங்க சரின்னு சொன்னா இருங்க. இல்லைன்னா உங்களை நம்பி அம்மாவை எப்படி இங்க விட்டுட்டுப் போறது?"

என் வாழ்நாளின் தலைசிறந்த பொய் அது. எவ்வளவு நன்றாகக் கட்டியிருக்கிறேன் என்றால், உள்ளே நான் இருக்கிறேன், வெளியே வர வாசல் வைக்கவில்லை. நாளைக்கு நான் தேறினால், அப்போது புளி ஊற்றியது யார் என்று கேட்பான். தோற்றால், அக்காவை என்னோடு விடமாட்டான்.

எங்கோ இரண்டுக்கும் நடுவில் ஒரு மதிப்பெண் இருக்க வேண்டும். பத்தாம் வகுப்பில் கணக்கில் நான் வாங்கியது மாதிரி, எல்லையில் நின்று தேறும் மதிப்பெண். அதைக் குறி வைக்கிறேன்.

ஜூலை 14, திங்கள்

வீட்டில் தனியாக விட முடியாதென்று அக்காவையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். வாடகைக் கார். எங்களை இறக்கிவிட்டு, டிரைவரோடு போய் வண்டியை நிழலில் விட்டுவிட்டு வருவதாகக் கைலாசம் போனான். அதற்குள் எங்களை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

டாக்டர் சின்னப் பெண். முதலில் மூன்று பொருள்களின் பெயரைச் சொல்லி நினைவில் வைக்கச் சொன்னார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். நாலு தடவை சரியாகக் கழித்து, ஐந்தாவதைத் தாராள மனதோடு தப்பாகச் சொன்னேன். என் திட்டம் தேர் போல அசைந்து அசைந்து போய்க்கொண்டிருந்தது.

"இது என்ன மாசம் ஐயா? தமிழ் மாசமே சொல்லுங்க."

ஆனி கடைசி. எனக்குத் தெரியாத ஆனியா? கொஞ்சம் திணறிவிட்டுச் சொல்லலாம் என்று விட்டத்தைப் பார்த்தேன். அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"ஏலே, இதுகூடத் தெரியலையா? கார்த்திகை!"

"அக்கா, நீ சும்மா இரு."

"என்ன சும்மா இரு? நேத்துத்தான சொக்கப்பனைக்கு ஓலை கேட்டு வந்தானுவ. சின்ன வயசுலேருந்தே இவன் இப்படித்தான்மா. கேள்வி கேட்டா மேல பாப்பான்."

டாக்டர் பேனாவை மூடினார். வெளியே ஜூலை வெயில் ஜன்னலை உடைத்துக்கொண்டிருந்தது.

"நீங்க எப்படிம்மா வந்தீங்க? கூட யாரு வந்திருக்கா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"எங்க வீட்டுக்காரங்கதான் கூட்டிட்டு வந்தாங்க. காரை விட்டுட்டு வந்துட்டு இருக்காங்க."

அத்தான் இறந்தபோது கைலாசத்துக்கு மீசைகூட முளைக்கவில்லை. நான் ஊர் ஊராகக் கொடை மேடையில் குரல் கொடுத்தவன். மழையில் கலையும் கூட்டத்தை ஒரு வார்த்தையில் நிறுத்தியவன். இன்று அக்காவை நிறுத்த அவள் கையைத்தான் பிடித்து இழுத்தேன். கதவைத் திறந்துகொண்டு கைலாசம் உள்ளே வந்தான். அக்கா முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்து அவனுக்கு நாற்காலியைக் காட்டினாள்.

"உக்காருங்க. வெயில்ல நின்னுட்டு வாரீங்க."

கைலாசம் அவளைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். நான் கீழே பார்த்தேன்.

டாக்டர் தன் நாற்காலியை அக்கா பக்கம் திருப்பினார்.

"டாக்டர், பரீட்சை எனக்கு," என்றேன். "என்கிட்ட கேளுங்க. இன்னும் கேளுங்க."

"உங்களுது முடிஞ்சுட்டு ஐயா," என்றார் அந்தப் பெண். "நீங்க பாஸ்."

அக்கா பெருமையாக என் தொடையில் ஓர் அடி வைத்தாள்.

"நான் சொல்லிக் குடுக்கப் போயித்தானலே பாஸான."